அக்காவின் மஞ்சள் வைரம் ஏலத்துக்கு வந்த நாள்

ஆவடியில் எங்கள் திருச்சபையார் ஒருவரிடமும் ஒரு காணி வயல் கிடையாது. ஆனாலும் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. அவரவர் உழைப்பில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து ஏலம் விடுவோம். நெல்லுக்கு நாங்கள் எங்கே போவது? தையல் பிரிவில் இருப்பவர்கள் துணிப்பை தைத்துக் கொண்டுவருவார்கள். கொல்லைப்புறத்து முருங்கைக்காய் வரும், சேவல் வரும். ஒரு வருஷம் ஒருவர் லேத்தில் கடைந்த இரும்புப் பூரிக்கட்டையைக் கொண்டுவந்தார். அதை ஏலத்தில் எடுத்த ஓர் அம்மாள் இன்றுவரை பூரி சுட்டதாகத் தகவல் இல்லை.

ஏலம் கூறுவது பல வருஷமாக நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு காணிக்கை மேஜையில், பூசணிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நடுவில், ஒரு சின்ன வெல்வெட் பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே மஞ்சள் வைர மோதிரம். கொண்டுவந்து வைத்தவர் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் எங்கள் சபைப் பாடகி. எங்கள் சபைப் பாடகி என்று சொன்னால் போதாது. கேசட் காலத்தில் தமிழ் பேசுகிற ஊரிலெல்லாம் அவர் குரல் ஒலித்தது. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அவர் பாட்டு இல்லாமல் கொதித்ததில்லை. எல்லா கேசட் அட்டையிலும் மைக் பிடித்த அவர் கையில் இந்த மஞ்சள் கல் மின்னும். ஊர் ஊராகப் பாடப் போன இடங்களில் ரசிகர்கள் போட்ட மோதிரங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டு நின்றுபோனது. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு கரகரப்புதான் மிச்சம். மற்ற மோதிரங்களையெல்லாம் தங்கை, நாத்தனார் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

அது வைரமே இல்லை, புஷ்பராகம் என்று பின்வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆட்கள் எந்தச் சபையிலும் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நகைக்கடைச் சான்றிதழைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தேன்.

எனக்கோ மனசு கேட்கவில்லை. குரலும் போய், கையில் இருந்த கடைசி மோதிரமும் போவதா? ஆராதனை நடக்கும்போதே மெல்ல எழுந்து போய், வேலப்பன்சாவடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சபை அண்ணன் ஒருவரிடம் காதோடு பேசினேன். அவர் மோதிரத்தை ஏலத்தில் எடுக்க வேண்டியது, பணத்தைச் சபைக்குக் கொடுக்க வேண்டியது, மோதிரத்தை அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா கைலயே இருக்கட்டும்பா. நம்ம ஊட்ல எவன் வைரம் போட்டுகினு திரியப்போறான்?” என்றார். போட்டிக்கு வரக்கூடியவர்கள் என்று எனக்குத் தோன்றிய நாலைந்து பேரிடமும் போய், வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிய நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

எல்லாம் சொன்னபடி நடந்தது. அண்ணன் ஒரு தொகை கேட்டார், எதிர்க்கேள்வி இல்லை, நான் முடித்துவிட்டேன். அவர் மோதிரப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினார். பந்தல் அதிரக் கைதட்டினோம்.

அக்கா கைதட்டவில்லை. மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. பெட்டியோடு எழுந்து நேராக என்னிடம் வந்து, மைக்கைக் கொடுங்க தம்பி என்றார்.

“வெண்டைக்காய் கொண்டுவந்தாங்களே, அதை யாராவது திருப்பிக் குடுத்தீங்களா?” என்று அந்தக் கரகரத்த குரலில் கேட்டார். “மத்த மோதிரமெல்லாம் ஜனங்க ஆசையா போட்டது. இது ஒண்ணுதான் நான் பாடி, என் சம்பளத்துல வாங்கினது. இதுதான் என் அறுப்பு. பாவம்னு சொல்லி என் கைலயே குடுத்துட்டா, நான் என்னத்த படைச்சேன்?”

இரக்கப்பட்டதாக நினைத்து அவர் காணிக்கையையே வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், இப்படி ஒரு மனுஷியின் பக்கத்தில் நிற்கிறோமே என்று பெருமையாகவும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அண்ணன் கொடுத்த பணம் அவருடைய காணிக்கை, மோதிரம் இன்னும் விற்கவில்லை என்று அக்காவே தீர்ப்புச் சொன்னார். மறு ஏலத்தையும் தானே கூறப் போவதாக அறிவித்தார். கூறவும் செய்தார். கேட்கிற தொகையை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லி, தயங்குபவர்களைக் கிண்டல் பண்ணி, மேடையில் நின்ற பழைய நாள் தோரணையோடு நடத்தினார். நான் பிழைப்பு மாதிரி செய்து வந்த வேலையை அவர் கச்சேரியாக்கிக் காட்டினார். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்டியிருக்கும் நர்ஸம்மா ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். முதல் ஏலத்திலேயே அவருக்கு அந்த மோதிரத்தின் மேல் ஆசை இருந்ததாம், என் பேச்சைக் கேட்டு அவர் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாராம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

லாரி அண்ணன் வேண்டுமென்றே இரண்டு தடவை ஏற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டார். நர்ஸம்மா சொன்ன தொகையில் ஏலம் நின்றது.

“ஒரு தரம்” என்றார் அக்கா. “ரெண்டு தரம்” என்றார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார். என் கால் தானாக ஓர் அடி முன்னே போனது. அந்த மூன்றாம் தரத்தை நானே சொல்லி முடிக்க ஒரு நொடி போதும். போன காலை இழுத்துக்கொண்டேன். எங்கள் சபை ஆயரும் அசையவில்லை. பின்வரிசையிலும் ஒரு முணுமுணுப்பு இல்லை. அக்கா மேஜைமேல் இருந்த தம்ளரை எடுத்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், மைக்கை மறுபடி பிடித்தார். அத்தனை பேரும் காத்திருந்தோம்.

“மூணு தரம்.”

காணிக்கை சேர்ந்துவிட்டது.