அலேமா போட்ட புல் முடிச்சு

எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் அரசாங்கம் ஒரு பெரிய பலகை நட்டு வைத்திருக்கிறது. கரடி, செந்நிறக் காட்டுக்கோழி, நீளக்கைக் குரங்கு, பெயர் தெரியாத பூக்கள் என்று ஒன்று விடாமல் படம் போட்டு, உலகத்திலேயே உயிர்வளம் மிகுந்த மலைகளில் சீன-பர்மா எல்லையில் இருக்கும் எங்கள் காவோலிகோங் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். வளமாம் வளம்! அந்தப் படத்தில் இருப்பதில் பாதியை எங்கள் லிசு இனத்து ஆட்கள் வில்லால் அடித்துத் தின்று தீர்த்தார்கள். மீதியை நாங்கள் வேரோடு பிடுங்கி, ஆற்றங்கரைச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்றோம். நீளக்கைக் குரங்கு கத்தி நான் கேட்டது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு. பலகையின் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

அந்தப் பலகையின் கீழ் மூலையில், தவிட்டு நிறத்தில் கீழுதடு தொங்கிக்கொண்டு ஒரு பூ இருக்கிறது. ஆர்க்கிட் வகைதான், நாங்கள் தவளைவாய் என்போம். அந்தப் பூவால்தான் என் நாத்தனார் அலேமா சீரழிந்தாள். அவள் கதையை நான் சொன்னால்தான் உண்டு. ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் பைத்தியக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அலேமா என் வீட்டுக்காரர் அசாபாவின் தங்கை. குட்டையான உடம்பு, ஆடு மாதிரி ஏறும் கால்கள். சிரித்தால் முன்பல் இல்லாதது தெரியும் என்று வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் புருஷன் பர்மாப் பக்கம் பச்சைக்கல் வெட்டப் போனவன், போனவன்தான். பிள்ளை குட்டி கிடையாது. ஆர்க்கிட் செடிக்கு நல்ல விலை வந்த காலத்தில் நெற்றியில் வார் மாட்டிக் கூடை கூடையாய்ச் சுமந்தவர்களில் அவளும் உண்டு, நானும் உண்டு. மரத்தில் ஒட்டியது, பாறையில் முளைத்தது, எதையும் விடவில்லை. பிறகு ஒரு வருஷம் மலை முழுக்க அலசியும் ஒரு கூடை நிறையவில்லை. வெறுங்கையோடு இறங்கி வந்தோம்.

அதற்கப்புறம் அவளுக்கு அரசாங்கத்தில் காட்டுக் காவல்காரி வேலை கிடைத்தது. பச்சைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் சுற்றுவாள். ஒரு குளிர்காலத்து மாலை என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வாயைப் பொத்தக்கூட மறந்துவிட்டாள்.

"அண்ணி, தவளைவாய் இருக்கு. பூத்திருக்கு."

"எங்கேடி?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டிப் போயேன். நான் என்ன பறிச்சுத் தலையிலயா வெச்சுக்கப் போறேன்?"

"அண்ணி, கேலி பண்ணாத. இந்தச் சரிவு ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா அப்புறம் பலகையிலதான் பாக்கணும்."

அலேமா தகவல் சொல்லி, குன்மிங் நகரத்திலிருந்து லியாங் என்ற தாவரவியல் பேராசிரியர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன். எங்கள் சோளக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிப்பார். சேற்றில் முட்டிபோட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "அலேமா, இங்க எந்த அடையாளமும் வைக்காதீங்க. கல்லு, கயிறு, துணி எதுவும் கூடாது. இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியக் கூடாது."

அவர் சொன்னது சரி. ஆனால் புதுவருஷத்துக்கு முன்னால் ஊரே விறகுக்கு ஏறுவது அந்தச் சரிவு வழியாகத்தானே? எவன் கண்ணிலாவது பட்டால் சாயங்காலத்துக்குள் சரிவு மொட்டை. அலேமாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"என்ன பண்றது அண்ணி? அவரு குறி வெக்காதன்னுட்டாரு. வெக்கலேன்னா நம்மாளுங்க விடுவாங்களா?"

"முடிச்சு போட்டுட்டு வாடி. முடிச்சு போட்டதை நம்ம ஊர்ல எவன் தொட்டிருக்கான்?"

நான் சொல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. வெட்டிப்போட்ட மரமோ, தேன்கூடோ, நல்ல ஊற்றோ, முதலில் கண்டவர் பக்கத்துப் புல்லை ஒரு பிடி சேர்த்து முடிந்துவிட்டு வந்தால் போதும். அப்புறம் அது அவருடையது. பட்டினி கிடந்தாலும் இன்னொருவர் கை வைக்க மாட்டார். அலேமா ஒவ்வொரு தவளைவாய்க் கொத்துக்கும் பக்கத்தில் ஒரு முடிச்சு போட்டாள்.

மூன்று குளிர்காலம் அந்த முடிச்சு நின்றது. விறகுக்குப் போனவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்தார்கள், முடிச்சையும் பார்த்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செடி பெருகியது. நாற்றுக்கூட முளைத்திருக்கிறது என்று அலேமா என் காதில் வந்து கிசுகிசுப்பாள். பிள்ளை பெற்றவள்கூட அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் பெங் வந்து சேர்ந்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிய சமவெளிக்காரன். தேன் ஒழுகப் பேசுவான், எல்லா வீட்டிலும் சாப்பிடுவான். ஒருநாள் எங்கள் வீட்டில் பன்றிக்கறியும் சோளச் சாராயமுமாக உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"மாமா, மலையில அங்கங்க புல்லை முடிஞ்சு வெச்சிருக்கே, அது எதுக்கு?"

என் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "அதுவா மாப்ள! எங்க ஊர்ல பூட்டுச் சாவியே கிடையாது. முடிச்சு போட்டா அங்க ஏதோ நல்ல பொருள் இருக்குன்னு அர்த்தம். ஒருத்தன் தொட மாட்டான்."

"அடேங்கப்பா, நல்ல வழக்கம் மாமா!" என்று சொல்லி, எங்கள் ஊரில் உயிர் சிநேகிதர்கள் குடிப்பது போல அவர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரே கிண்ணத்தில் குடித்தான் படுபாவி.

அடுத்த பூப்பூக்கும் காலத்தில் அலேமா மேலே போனபோது சரிவில் வெறும் குழிகள்தான் இருந்தன. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் முடிச்சு அப்படியே இருந்தது. நாற்றைக்கூட விட்டு வைக்கவில்லை. அவள் இறங்கி வந்து என் வாசலில் நின்றாள். அழவில்லை. கையெல்லாம் மண். தோண்டிப் பார்த்திருக்கிறாள், ஒரு வேராவது மிச்சம் இருக்குமா என்று.

பெங் செல்போனில் படம் காட்டி விற்றபோது மாட்டிக்கொண்டான். விற்றது போக மீதி அவன் குளியலறையில் சாக்குக்குள் அழுகிக் கிடந்ததாம். இடத்தை யார் காட்டியது என்று போலீஸ் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "யாரும் காட்டல சார். புல்லு முடிச்சைப் பாத்துக்கிட்டே போனேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சு."

முடிச்சு போட்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தாள் என்று அலேமாவின் பச்சைக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். லியாங் வந்தார். திட்டவில்லை. "நான் சொன்னேனே அலேமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த கஞ்சியைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஆனால் ஊர் பேசியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எவன் வாயிலும் பெங் பெயர் வரவில்லை. எல்லாம் இவள் தலையில்தான் விடிந்தது. முதலில் ஆரம்பித்ததே அவள் கூடப்பிறந்த அண்ணன், என் வீட்டு மகராசன்.

"மூணு வருஷமாப் பாத்துக்கிட்டுக் கையை மடக்கிட்டு வந்தேன்டி! கூரை ஒழுகுது, நான் தொட்டேனா? உன் முடிச்சுக்கு மரியாதை குடுத்தேன். எவனோ வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டான். நாமளே எடுத்திருந்தா வீடாவது நிமிர்ந்திருக்கும்!"

"அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே? சாராயத்துல நாக்கு தடிச்சுப்போயி!" என்று நான் கத்தினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை என்று அலேமாவுக்குத் தெரியும். அதுதான் அவளை அறுத்தது.

அந்த வருஷம் மழை முடிந்து, வறுத்துத் தின்னும் புழுவுக்காகக் குளவிக்கூடு தேடும் காலம் வந்தது. அலேமா ஓடைக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் ஒரு பெரிய கூட்டைக் கண்டுபிடித்து, புழு கொழுக்கட்டும் என்று முடிச்சு போட்டுவிட்டு வந்திருந்தாள். எடுக்கப் போன அன்று கூடு இல்லை. தோண்டி, புகை போட்டு, அடை அடையாக யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் எங்கள் ஊர் சர்ச் முற்றத்தில் நின்றிருந்தார்கள். அவள் நடுவில் போய் நின்று கேட்டாள்: "ஓடைப்பக்கம் என் குளவிக்கூட்டை எடுத்தது யாரு?"

எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த டாவிபா, ஞாயிறு தவறாமல் பாட்டுப் பாடுகிறவன், சொன்னான்: "முடிச்சா இருந்துச்சு அக்கா? காத்துல புல்லு சுத்திக்கிட்டுக் கிடக்குன்னு நெனச்சேன்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

சரிவு மொட்டையானபோது அழாதவள், வேலை போனபோது அழாதவள், அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரு புழுக்கூட்டுக்கா இந்த அழுகை என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணி, பெங் ஒருத்தன் பூவை எடுத்துட்டுப் போனான். இனிமே நம்மாளுங்க மலையவே எடுத்துருவாங்க."

"சும்மா இருடி, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அதட்டினேன். அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் ஒரு தூக்கு நிறையத் தேனோடு வந்தார். அது யார் முடிச்சு போட்ட மரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூசாமல் சொல்லியிருப்பார்.