முறுக்குக் கம்பெனியில் அப்பா கேட்ட கேள்வி

வெளிநாடு போய் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், முறுக்குக் கம்பெனி பார்த்தேன் என்று சொல்வேன். கடல் தாண்டிப் போய் முறுக்கையா பார்த்தாய் என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுவோம். சின்னவள் நான், டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அக்காவை முந்தின வருடம்தான் மலேசியாவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வகையறாதான். அவருடைய தாத்தா காலத்தில் அரியலூர்ப் பக்கமிருந்து போனவர்கள். பினாங்குக்கு அக்கரையில் ஒரு டவுனில் முறுக்கு, மிக்சர் போடுகிற கம்பெனி வைத்திருந்தார்கள். பெண் மட்டும் ஊரில்தான் எடுப்போம் என்று வந்து, அக்காவைப் பார்த்து, ஒரே மாதத்தில் கல்யாணத்தை முடித்து அழைத்துப் போய்விட்டார்கள். கம்பெனி வைத்திருக்கிற சம்பந்தி என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கமும் கிடையாது.

அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தகவல் வந்தது. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிவிட்டுப் பெண்ணை அழைத்து வருவார்கள். ஒன்பதாம் மாதம் என்றால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்றார்கள். ஏழிலேயே போவது என்று முடிவாயிற்று. சம்பந்தியும், அப்படியே பத்து நாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார்.

போக வேண்டியவள் அம்மா. ஆனால் மாட்டையும் வெங்காயம் சேமித்து வைத்திருந்த பட்டறையையும் யார் பார்ப்பது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அம்மா புளிக்காய்ச்சலைக் கிளறி ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அரியலூரில் ரயிலேறித் திருச்சி போய், அங்கிருந்து நாகப்பட்டினம். தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விட்டார்கள். போய்ச் சேருகிறவரை நான் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்பா மட்டும் திருவிழாவுக்குப் போகிறவர் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

அக்காவைப் பார்த்ததும் அப்பா, நல்லா பூசினாப்புல இருக்கா என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அவள் முகமே அடையாளம் தெரியவில்லை. கண்ணிரண்டும் உள்ளே போய்க் கன்னம் உப்பியிருந்தது. குனிந்து காலைப் பார்த்தேன். மெட்டி விரலின் சதைக்குள் புதைந்து கிடந்தது. கழற்ற முடியாது போலிருந்தது. நின்று வேலை செய்வதால் வருகிற வீக்கம், அதுவும் ஆண் பிள்ளைக்குத்தான் இப்படி வீங்கும் என்றார் சம்பந்தியம்மா.

மறுநாள் கட்டுச்சோறு. அம்மாவின் புளிக்காய்ச்சலைப் போட்டுச் சோறு கிளறினோம். ஊர் ருசி, ஊர் ருசி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார், அழைத்துப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. சோற்றைத் தின்றார்கள், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். அதற்கென்ன, பேசுவோம், முதலில் வந்து நம் கம்பெனியைப் பாருங்கள் என்று சம்பந்தி கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. அதுதான் கம்பெனி. உள்ளே நுழைந்ததும் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. ரப்பர் மர விறகு எரிகிற அடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் எங்கள் ஊர்த் திருவிழா அண்டா அகலத்துக்கு ஒரு வாணலி. மாவரைக்க மிஷின், பிசைய மிஷின். சம்பந்தி கோயில் சுற்றிக் காட்டுகிறவர் போல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பெருமையாகச் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடலையில் வறுத்த நெத்திலியைக் கலந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும், பலகாரத்தில் மீனா என்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்து, மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக் பையின் வாயைக் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷினெல்லாம் இருந்தும் முறுக்கை மட்டும் கையால்தான் சுற்றினார்கள். கைச்சுற்று என்றால்தான் அங்கே மதிப்பாம்.

கடைசி அடுப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வயிறு அடுப்பில் இடிக்காமல் இருக்க ஒருக்களித்து நின்று, நீளக் கரண்டியால் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை முகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சம்பந்திக்கு அதுதான் கம்பெனியிலேயே பெருமையான இடம்.

"உங்க பொண்ணு கை வச்சாதான் பதம் வருது சம்பந்தி. வேற யாரையும் நம்பி எண்ணெயில நிறுத்த முடியல. நோன்புப் பெருநாள் ஆர்டர் வேற நெருங்குது. இங்க ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்துல இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா பூரித்துப்போய் நின்றார். வந்த காரியம் அவருக்கு மறந்துவிடவில்லை. ஆனால் சம்பந்தியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் குரல் உயர்த்தக் கூடாது என்று வாழ்ந்த மனிதர். ஒரு வழி கண்டுபிடித்தார். ரொம்ப நியாயமான வழி என்று நினைத்துத்தான் செய்திருப்பார். அக்காவிடமே கேட்டார்.

"ஏம்மா, அப்பாகூட வர்றியா? இல்ல இங்கயே பாத்துக்கலாமா? உன் இஷ்டம்தான்."

அடுப்புக்கு இந்தப் பக்கம் சம்பந்தி, அந்தப் பக்கம் சம்பந்தியம்மா. மாப்பிள்ளை மாவுப் பலகையருகே நின்றார். பை ஒட்டுகிற பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வியை அங்கே வைத்துக் கேட்டார் எங்கள் அப்பா. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்து வளர்த்ததும் நாங்கள்தான்.

"அத்தை சொல்றபடி செய்ங்கப்பா" என்றாள் அக்கா. கரண்டியை விடவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பெண்ணை எப்படி வளர்த்திருக்கிறீர்கள் என்று சம்பந்தி சொல்ல, அப்பாவுக்குச் சந்தோஷம் முகத்தில் கொள்ளவில்லை. எனக்கு அந்த எண்ணெயைத் தூக்கி எல்லோர் காலிலும் ஊற்ற வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் அவள் கால் கழுவ வந்தபோதுதான் தனியாகப் பேச முடிந்தது.

"கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குதுடி. தலை தெறிச்சுப் போவுது. அம்மாகிட்ட போய்ப் படுத்துக்கிட்டா தேவலாம்னு இருக்கு" என்றாள்.

அன்றைக்கே அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அக்காவின் காலை வந்து பாருங்கள் என்றேன். கல்யாணமாகாத பெண் இதிலெல்லாம் தலையிடக் கூடாது என்று அதட்டினார். அக்காவுக்கு வரத்தான் ஆசை, அவளே சொன்னாள் என்றேன். எல்லார் முன்னாலும் ஒன்று சொல்லிவிட்டாள். இப்போது நான் போய் மாற்றிக் கேட்டால் அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சம்பந்தியம்மா எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார்.

பிறகு எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினார்கள். பாம்புக் கோயில், மலை ரயில் எல்லாம் போனோமாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஊர் திரும்பியபோது அரியலூர் ஸ்டேஷனுக்கு அம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தாள், மகள் குலுங்காமல் வரட்டுமென்று. எங்களிருவரை மட்டும் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே வசதி ஜாஸ்தி, அவளே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள் என்றார் அப்பா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வண்டிக்காரர் முன்னால் எதைச் சொல்வது என்று நான் பேசாமல் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் சொன்னேன். கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பலுக்குள் அக்காவுக்கு மாதம் ஏறிவிடும்.

ஆவணி பிறந்த சமயம் தந்தி வந்தது. அடுப்படியிலேயே வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் தாயும் பிள்ளையும் தங்கவில்லை. இங்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் பிரசவத்தில் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இங்கே அவள் படுத்திருந்திருப்பாள். அம்மா அவள் காலைப் பிடித்துப் பார்த்திருப்பாள்.

முகம்கூடப் பார்க்கவில்லை. உடம்பு இல்லாமலே துக்கம் நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அப்பா அதையே சொன்னார்: கூட்டிவரத்தான் போனேன், கேட்டேன், அவள்தான் வரவில்லை என்றுவிட்டாள். அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். இழவு வீட்டில் ஒப்பாரிகூட வைக்கவில்லை. கீழப்பழுவூரிலிருந்து வந்த மாமாவிடம் அப்பா மறுபடி ஆரம்பித்தபோது எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"கம்பெனியிலதான்."

"யாரு யாரு நின்னாங்க?"

"எல்லாருந்தான். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, வேலைக்காரப் பொண்ணுங்க..."

"அப்ப எம்பொண்ண நீங்க கேக்கவேயில்ல" என்றாள் அம்மா.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா அதைச் சொல்லவில்லை. பாயை எடுத்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.