சகலை மகளின் மருந்துச் சீட்டு

ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டி இன்னொருவருக்கு மருந்து வாங்கக் கூடாது. இது விதி. சான்றொப்பம் இல்லாத நகலைப் பார்த்தாலே மனுவைத் திருப்பி அனுப்பிவிடும் அலுவலகக் கண்காணிப்பாளர் நான். எனக்கா தெரியாது?

ஆனால் வத்தலக்குண்டில் இருந்த என் சகலையின் மகளுக்கு முகப்பரு போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

"எல்லாம் மதுரை டாக்டர் குடுத்த மாத்திரை, சகல. உங்க பிள்ளையையும் காட்டலாம்ல? பாவம், முகம் இம்புட்டு ஆகிப்போச்சே."

அந்தப் 'பாவம்' என் வயிற்றில் எரிந்தது. மதுரைக்குப் போனால் அவர் சொல்லிப் போனதாகிவிடும். சீட்டை மட்டும் வாங்கி நகல் எடுத்தேன், முன்பக்கத்தை. திண்டுக்கல் மருந்துக் கடைக்காரர் சீட்டில் இருந்த பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் என் மகளின் முகம் தெளிந்தது. சகலை வீட்டுக் கல்யாணத்தில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவள் யாரோடும் பேசவில்லை. வீட்டிலோ சாப்பாட்டுத் தட்டின் முன் அழுதாள்.

"என்ன தாயி?"

"எதுக்கு இருக்கோம்னே தெரியலப்பா."

சகலைக்குப் போன் செய்தேன்.

"சீட்டுக்குப் பின்னாடியே எழுதியிருந்தாரே, சகல. மனசு சோர்ந்தா நிறுத்திட்டு உடனே வரணும்னு. நீங்க படிக்கலையா?" குரலில் எத்தனை சந்தோஷம்!

அன்றே மகளை மதுரைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தி, மனநல மருத்துவரிடம் அனுப்பினார். சிலருக்கு இப்படி வரலாம், இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த 'உறுதியாக'வைப் பிடித்துக்கொண்டு வீடு வரை பேசிவந்தேன். மகள் ஒன்றுதான் சொன்னாள்:

"என் மூஞ்சிய வச்சுப் பெரியப்பாவ ஜெயிக்கப் பாத்தீங்க."

மெல்லத் தேறினாள். திருச்சியில் பி.எட். சேர்ந்தாள். அவள் அம்மாவுக்கு மட்டும் கடிதம் வரும். சகலைக்கோ கட்டிக்கொடுத்த தன் மகளிடமிருந்து வாரம் ஒன்று வந்தது. எனக்குப் படித்துவேறு காட்டுவார். கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பேன்.

மன்னிப்புக் கேட்டு அவளுக்கு மூன்று வரி எழுதினேன். முதல் வரைவில் 'சில சூழ்நிலைகளின் காரணமாக' என்றிருந்தது. அடித்துவிட்டு, 'பொறாமையால்' என்று எழுதினேன். பதில் இல்லை. வாழ்நாளெல்லாம் நினைவூட்டல் அனுப்பிய நான் இதற்கு அனுப்பவில்லை. ஆவணி போய், ஐப்பசி போய், பொங்கலும் போனது. அவள் கையெழுத்தில், என் பெயருக்கு, ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது மாசி மாதம் முதல் தேதி.