கையா, குரலா

என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விழுப்புரம் பஸ் நிலையத்தில் அவர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கத்தினால், டீக்கடையில் இருப்பவர்கள் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். வீட்டுக்கும் பேச்சு அவருடையதுதான். தாலுகா ஆபீசோ சம்பந்தி வீடோ, நான் அவர் பின்னால் நின்றால் போதும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

பார்க்கின்சன் நோய் வந்து வலது கை ஆட ஆரம்பித்தபின் நான்தான் சோறு ஊட்டினேன். மாத்திரைக்கும் கட்டுப்படாமல் போனதால் சென்னையில் மூளை ஆபரேஷன் செய்தார்கள். தலையில் வளையம் பொருத்தி, அவரை விழித்திருக்க வைத்தே மெல்லிய கம்பிகளை இறக்கினார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பலன் மாறிவிடுமாம். பிசகவில்லை என்று டாக்டர் படம் காட்டினார். நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி இருக்கிறது. அதிலிருந்து போகிற கரண்டை வெளியிலிருந்தே கூட்டிக் குறைப்பார்கள். அதற்குத்தான் இன்னமும் அலைகிறோம்.

போன முறை கரண்டைக் கூட்டியதும் கை கல் மாதிரி நின்றது. குரல் உள்ளே போய்விட்டது. குறைத்தார்கள். குரல் வந்தது, கையும் ஆடியது.

"பல அளவுல பாத்துட்டேன் ஐயா. இப்போதைக்கு ரெண்டும் முழுசா கெடைக்கல. எது முக்கியம், நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

குரல் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் பேசாவிட்டால் வெளியில் யார் பேசுவது? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்:

"கைய நிறுத்துங்க சார். இவ எத்தினி நாளைக்கு ஊட்டிக்கினு இருப்பா?"

திரும்பும்போது திண்டிவனத்தில் பஸ் மாறினோம். எங்கள் நிறுத்தம் வந்ததும் அவர் எழுந்து "எறங்கணும்" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நிறுத்தம் பின்னால் போனது. மறுபடி வாயைத் திறந்தார். கழுத்து நரம்புதான் புடைத்தது.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார் கண்டக்டர்.

முகம் எரிய இறங்கினேன். என் கணவர் காதோரம் குனிந்து, "நீ கண்டக்டரா இருந்தா ஒருத்தனும் ஊர் போய்ச் சேரமாட்டான்மே" என்றார். வெயிலில் திரும்பி நடந்தோம். பை அவர் வலது கையில் ஆடாமல் இருந்தது.

வீட்டில் தானே பிசைந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை. எதிரே அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.