நாய்க்கடி ஊசி

இண்டூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு நாய் என்னையும் பக்கத்தில் நின்ற ஒருவரையும் கடித்தது. அவர் ஒரு திருநங்கை. இருபது வயதுகூட இருக்காது. மஞ்சள் சுடிதார், காலில் ரத்தம் ஊறிய கைக்குட்டை. யார் என்ன சொன்னாலும் முதலில் "சரிங்க" என்பார்.

அரசு மருத்துவமனையில் ஊசிக்கு ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று இரண்டு இருந்தன. அவர் பெண்கள் வரிசையில் நின்றார்.

"அந்த லைனுக்குப் போ," என்றார் நர்ஸ்.

"சரிங்க" என்று நான் நின்ற ஆண்கள் வரிசைக்கு வந்தார். ஒருவன் விசிலடித்தான். ஊசி போடுபவர், "இங்க எதுக்கும்மா வர்ற?" என்று திருப்பி அனுப்பினார்.

நர்ஸ் கடியைப் பார்க்கவே இல்லை. "ஆபரேசன் பண்ணிட்டியா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

இதற்கு மட்டும் அவர் "சரிங்க" சொல்லவில்லை. "நாய் அதெல்லாம் கேட்டுட்டுக் கடிக்கலீங்க அக்கா."

"வாயப் பாரு! கடைசியா வா, போ."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கையிலதான போடறீங்க, அதுக்கு எதுக்குங்க இந்தக் கேள்வி?" என்று கத்தினேன்.

"படிச்ச திமிரப் பாரு," என்றார்கள் வரிசையில் நின்றவர்கள்.

என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசி போட்டார்கள். வெளியே வந்தபோது அவர் நொண்டிக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். "வேணாண்ணா, வுடுங்க," என்றார்.

மறுநாள் அந்த நாய் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னேன்.

"அவங்களா போனா நான் என்னப்பா பண்றது?"

அவர் வேறெங்காவது ஊசி போட்டுக்கொண்டாரா என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.