லூர்து வெளியே கூப்பிட்ட ஆள்

போன வாரம் எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பொய்க்கூரை போட்டார்கள். மகனுடைய யோசனை. மேலே உறுதியான கூரை ஒன்று இருக்கும்போது அதற்குக் கீழே பொய்யாக ஒன்று எதற்கு என்று கேட்டேன். "லைட்டு வைக்கப்பா" என்றான். ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதாகச் சான்று கொடுத்து ஓய்வூதியம் வாங்குகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பதில் பெறும் உரிமை பற்றி எந்த விதியிலும் இல்லை. வேலையாட்கள் வாளியில் வெள்ளைத் தூளைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள். ஈரமான பிளாஸ்டர் வாசனை எழுந்தது. சுண்ணாம்பு வாசனையும் இல்லை, மழை பெய்த மண் வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. நான் எழுந்துபோய் வாளியருகே நின்றுகொண்டேன். "தள்ளுங்க தாத்தா, மேல தெறிக்கும்" என்றான் ஒருவன்.

தெறித்தால் என்ன? எழுபதுகளில் அந்த வாசனையோடுதான் எனக்குப் பொழுது விடியும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் எழுத்தர். ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான், கன்னம் சிவந்த பொம்மைகள் எல்லாம் அங்கே செய்வார்கள். என் மேசைக்குப் பின்சுவரின் அந்தப் பக்கம்தான் வார்ப்புப் பகுதி. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். அங்கே பெண்கள்தான் அதிகம். நிரம்பிய அச்சைத் தூக்கும்போது எல்லோரும் இடுப்பை வளைப்பார்கள். ஒருவர் மட்டும் முழங்காலை மடித்து, முதுகு நேராக எழுந்திருப்பார். அவர்தான் லூர்து மேரி.

அந்த முழங்கால் ரயில்வே காலனியில் பழகியது. அவருடைய அப்பா ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அறுபதுகளில், பாவாடையைச் செருகிக்கொண்டு, காலனிப் பையன்களோடு மைதானத்தில் பந்து உதைத்த ஒரே பெண் இவர். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார் என்று காலனி எதிர்பார்த்தது. அவர் அதன்பிறகு சூ போட்டுக்கொண்டு ஆடினார்.

தொழிற்சாலையில் சேர்ந்த கையோடு வார்ப்புப் பகுதியிலும் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பகுதியிலும் பேசிப் பேசித் தன்னோடு சேர்த்துப் பதினோரு பெண்களைத் திரட்டினார். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முதல் பெண்கள் கால்பந்து அணி என்று சொல்லிக்கொண்டோம். யாரும் மறுக்கவில்லை, மறுக்க வேண்டுமென்றால் இன்னொரு அணி இருந்திருக்க வேண்டும். உடைதான் சிக்கல். பாவாடையோடு ஆட முடியாது, அரைக்கால் சட்டைக்கு ஊர் விடாது. பைஜாமா என்று முடிவாயிற்று. கடைத்தெருத் தையல்கார பாய் பதினோரு பேருக்கும் ஒரே நிறத்தில் அளவெடுத்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஊருலம்மா நாடகம்?"

முதல் ஆட்டம் ஸ்ரீமுஷ்ணத்தில், எதிரே உள்ளூர்ப் பையன்கள். கூட்டம் சிரிப்பதற்கென்றே வந்திருந்தது. இடைவேளை வரை நன்றாகவே சிரித்தார்கள். அதன்பிறகு மெல்ல ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். "ஏம்மா, ரைட்டுல ஆளு நிக்குது பாரு, அங்க தள்ளு!" எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அந்த அணி தோற்றுக் கலையவில்லை. கல்யாணப் பத்திரிகைகளால் கலைந்தது. ஒரு பத்திரிகை வந்தால் ஒரு ஆள் குறையும். கடைசியில் லூர்துவும் ஒரு பந்தும்தான் மிச்சம். "உனக்கு எப்ப லூர்து?" என்று கேட்டேன். "எனக்கு டீம் இருக்குதுங்களே சார்" என்றார். அப்போது அவருக்கு டீம் கிடையாது.

பிறகு கிடைத்தது. தொழிற்சாலையின் ஆண்கள் அணிக்கு மேலாளராக இருந்த சூப்பர்வைசர் மாற்றலாகிப் போனார். அந்தப் பொறுப்புக்குச் சம்பளம் இல்லை, தோற்றால் திட்டு மட்டும் உண்டு என்பதால் யாரும் முன்வரவில்லை. நல அலுவலர் என்னைக் கூப்பிட்டு, பெண்ணைப் போடலாமா, விதி என்ன என்று கேட்டார். விதியில் தடை ஏதும் இல்லை. அப்படியொரு விபரீதத்தை அதை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார். "தற்காலிகமாக" என்று ஒரு வார்த்தை சேர்த்து உத்தரவு போட்டோம். பயம் வரும்போதெல்லாம் அலுவலகங்கள் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. பொங்கல் போட்டி முடிந்ததும் வேறு ஆண் மேலாளரைப் பார்ப்பதாக நல அலுவலர் வெளிப்படையாகவே சொன்னார். லூர்துவுக்கும் அது தெரியும். ஒரு போட்டிதான் அவருக்குக் கிடைத்த காலம்.

நான் அணியின் செயலாளர். பந்தை உதைத்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். பம்புக்கு ஊசி வாங்கிய பில்லைச் சரிபார்ப்பவன், விதிப்புத்தகத்தைச் சுமப்பவன்.

அணித்தலைவர் துரைக்கண்ணு, சூளை மேஸ்திரி. கோல் அடிப்பதில் மன்னன். அப்போது கொஞ்சம் கனத்த மன்னன். பயிற்சியின்போது லூர்து ஏதாவது சொன்னால் அவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள். பழைய மேலாளரை "சார்" என்றவர்கள் இவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க" என்றே ஒப்பேற்றினார்கள்.

எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே பெண்ணாடத்து அணி. கரும்பு லாரி ஓட்டுகிறவர்கள், தோள் ஒவ்வொன்றும் லாரிக் கதவு மாதிரி. அன்று காலையில்தான் பெரிய சூளையைத் திறந்திருந்தார்கள். துரைக்கண்ணு உள்ளே நின்று சூடு ஆறாத சரக்கை இறக்கிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தார். அவருக்கு அன்று விடுப்பு கேட்டு லூர்து என்னிடம் நடையாய் நடந்திருந்தார். விளையாட்டுக்கான சிறப்பு விடுப்பு மாவட்டப் போட்டிக்கு மட்டும்தான். இது வட்டாரப் போட்டி. நடைமுறை அப்படி.

இடைவேளைக்குப் பின்னும் ஆட்டம் கோலில்லாமல் போனது. துரைக்கண்ணு ஓடுவதை விட்டு முழங்காலில் கைவைத்து நிற்கத் தொடங்கினார். பந்து வந்தால் யாருக்கும் தராமல் வைத்துக்கொண்டு பறிகொடுத்தார். லூர்து மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றருகே போய் நடுவருக்குக் கைகாட்டினார். பொம்மைகளுக்குக் கண் வரைகிற ஜாபர், சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ஆளை மாற்றலாம் என்பது எங்கள் பக்கத்துக்கு அப்போது புதுசு. கால் ஒடிந்தாலொழிய யாரும் வெளியே வருவதில்லை. நன்றாக நிற்கிற ஒருவரை வெளியே கூப்பிடுவது, சாப்பிடுகிறவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது மாதிரி.

"அண்ணே, வெளிய வாங்க" என்றார் லூர்து.

துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். "யாரு, என்னையா?"

"ஆமாண்ணே. போதும். வந்து உக்காருங்க."

"நீ யாரு என்னைக் கூப்புட? போயி அச்சுல மண்ணு ஊத்து, போ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லூர்து நடுவர் பக்கம் திரும்பினார். நடுவர் நெய்வேலியிலிருந்து வந்த வயதானவர். "அவரு வரலன்னா நான் என்னம்மா பண்றது? தூக்கிக்கிட்டா வர முடியும்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "சார், புக்கு என்ன சொல்லுது?" என்றார். புத்தகம் பார்க்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம். ஆட்டக்காரர் வெளியேற மறுத்தால் ஆட்டம் தொடரும். சொன்னேன். விதி எப்போதும் போலத் தெளிவாக இருந்தது. எப்போதும் போல, தேவைப்பட்டவருக்கு உதவவில்லை.

லூர்து என்னைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியிலேயே நடந்து எங்கள் கோலுக்குப் பின்னால் போனார். கோல்கீப்பர் நாகராஜு, துரைக்கண்ணுவின் மனைவிக்குத் தம்பி. அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். கோல் உதையை எப்போதும் மாமாவின் காலுக்குத்தான் அனுப்புவான்.

"நாகு, இனிமே அண்ணன்கிட்ட பந்து போவக் கூடாது. மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்றார் லூர்து. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். நாகராஜு கேட்கவில்லையென்றால் அவருடைய மேலாண்மை அந்த நிமிடமே முடிந்தது. நல அலுவலர் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எதிரணி அடித்த பந்து வெளியே போயிற்று. நாகராஜு அதை எடுத்து வைத்தான். துரைக்கண்ணு நடுவில் நின்று கையைத் தூக்கினார். "டேய் நாகு, இங்கடா!"

நாகராஜு அவரைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் தனியாக நின்றவனுக்கு உதைத்தான்.

"டேய்! மாமா நிக்கிறது தெரியலியாடா?"

"அவங்க சொல்லிட்டாங்க மாமா!" என்று அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினான். அழுகிற குரல்.

அடுத்தவனும் தரவில்லை. அதற்கடுத்தவன் தரப்போய், கால் தயங்கி, பந்தைப் பின்னால் தட்டினான். பந்து அவரைச் சுற்றிச் சுற்றிப் போனது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. துரைக்கண்ணு இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு நடக்கத் தொடங்கினார். எங்கள் பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கக் கயிற்றைத் தூக்கி, கூட்டத்துக்குள் புகுந்து, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த பக்கமாகப் போய்விட்டார். "போங்க ஜாபர்" என்றார் லூர்து.

ஜாபர் கோல் அடித்து வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றுக்குப் பூஜ்யம், பெண்ணாடம் ஜெயித்தது.

மறுநாள் நல அலுவலர் துரைக்கண்ணுவை உற்சாகமாக வரவேற்றார். "ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுய்யா, மாத்திடலாம்."

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். "என்னன்னு சார் குடுக்கறது? அது சொன்னது சரிதானுங்க. அன்னைக்கு எனக்குக் காலே வரல."

"அப்ப கூப்புட்டதும் வெளிய வர வேண்டியதுதான?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களே சார்."

புகார் இல்லாமல் நடவடிக்கை எடுக்க முடியாது. அந்த ஒரு நடைமுறைக்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலம் பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள். துரைக்கண்ணு கடைசியாக வந்து சூவை மாட்டினார். லூர்து எல்லோரையும் ஓடச் சொன்னார். ஓடினார்கள்.

வெகு நாள் கழித்து ஒருமுறை கேட்டேன்: "நாகு அன்னைக்கு மாமாவுக்கே உதைச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வூட்டுக்குப் போயிருப்பேன் சார். அப்புறம் பந்தே தொட்டிருக்க மாட்டேன்."

தற்காலிக மேலாளராகவே பல வருஷம் ஓட்டினார். அவரை மாற்ற வேண்டும் என்ற பேச்சே பிறகு எழவில்லை. ஆனால் எழுபதுகள் முடிகிற சமயத்தில் விசாக்கள் வரத் தொடங்கின. ஜாபர் முதலில் போனார், துபாய்க்கு. அடுத்த வருஷம் நாகராஜு மஸ்கட். பின்னர் இரண்டு இரண்டு பேராக. துரைக்கண்ணுவுக்குச் சூளைப் புகையில் மூச்சிரைப்பு வந்து ஆட்டத்தை விட்டார். சூளைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. சில மாலைகளில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு லூர்து பாதி மைதானத்தில் பயிற்சி நடத்துவதை அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். பிறகு திருச்சியில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த மைதானம் இன்று மனைகளாகி, வீடுகளாகி, தெருப்பெயரும் வாங்கிவிட்டது. லூர்துவிடமிருந்து மேலாளர் பொறுப்பை யாரும் பறிக்கவில்லை. "வெளிய வாங்க" என்று கூப்பிட, உள்ளே ஆள் இல்லாமல் போய்விட்டது.