கியூ பெட்டியின் கொண்டி

என் தம்பி பில்லியர்ட்ஸ் ஆடும் கியூ குச்சியை வைக்கும் பெட்டி பல வருடங்களாக விழுப்புரத்தில் என் வீட்டுப் பரணில் கிடந்தது. கருப்பு ரெக்சின் ஒட்டிய, நீளமான பலகைப் பெட்டி. அதன் கொண்டியை உடைத்தவன் நான்.

எங்கள் அம்மா இறந்த அன்று அவன் புதுச்சேரியில் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தான். போனை அணைத்து வைத்திருந்தான். பிற்பகலில் பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். கொண்டி தெறித்து, கியூ வெளியே உருண்டது.

அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். "குச்சி புடிச்ச கையால எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்காதடா" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். நான் கல்லூரியில் பாடம் நடத்தியவன். சொந்தக்காரர்கள் யாரும் என்னை மறுக்கவில்லை. கொள்ளியை நானே வைத்தேன். தம்பி கியூவை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய்விட்டான். அதன்பின் எங்களுக்குள் பேச்சில்லை.

சென்ற மாதம் அவன் மனைவி போன் செய்தாள். அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

"அந்தப் பொட்டி இருக்குதா மாமா? குச்சியப் பாத்துப் பாத்து அழுவுறாரு. உள்ள வச்சி மூடிடுன்றாரு."

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். கடைக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியான கொண்டியாகக் கேட்டேன். பெட்டியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "என்னா சார், துப்பாக்கி வைக்கப் போறீங்களா?" என்றார். பழைய ஆணி பிய்த்துக்கொண்டு போன துளைகளில் தீக்குச்சிகளைப் பசை தொட்டுச் செருகி, காயவிட்டு, அதன்மேல் திருகாணிகளை முடுக்கினேன். ஒன்று கோணலாக இறங்கியது. கழற்றி மறுபடி முடுக்கினேன். அந்த வேலை நடந்த நேரமெல்லாம் மனது லேசாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என் தப்பையே சரிசெய்வதாக நினைத்துக்கொண்டேன். பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போதும், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, சொல்லப் போகிற மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். பெட்டியைத் தடவிப் பார்த்தான். இடது கட்டைவிரலால் கொண்டியை நெம்பினான். அது அசையவில்லை. மூடியை ஒரு கை அமுக்கினால்தான் இன்னொரு கை அதைத் திறக்க முடியும். வாங்கும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

"ரெண்டு கை வேணும்போல" என்றான், குழறலாக. "நீ எது செஞ்சாலும் கெட்டியாத்தாண்ணா செய்வ."

"சும்மா கெடங்க. மாமா வெய்யில்ல தூக்கிக்கினு வந்திருக்காங்க" என்றாள் அவன் மனைவி. டீ போட உள்ளே போனாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். மூலையில் சாத்தியிருந்த கியூவை நடுவில் திருகி இரண்டாகக் கழற்றி உள்ளே வைத்து மூடினேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கி பொட்டியத் தூக்கி எறிஞ்சது தப்புடா. மன்னிச்சிடு."

"பொட்டிக்கா மன்னிப்பு கேக்குற?"

எனக்கு முகம் எரிந்தது. "இல்லடா. கொள்ளி வைக்க உன்ன வுடாம தடுத்தேனே, அதுக்கும்தான்."



"அம்மா ஒரு தரந்தானண்ணா செத்தாங்க" என்றான்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றான். உடம்பு ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு அப்படியே கிடந்தான். நான்தான் எழுந்துபோய், தோளுக்கடியில் கை கொடுத்து, அவன் முகம் என்னைப் பார்க்காதபடி திருப்பிப் படுக்க வைத்தேன்.